பதம்

சமையல் குறிப்புக்கு யாரும் விமரிசனம் எழுதுவதில்லை. நாவலுக்கு எழுதுகிறோம், நாடகத்துக்கு எழுதுகிறோம். ஆனால் வீட்டில் அதிகமாகக் கைபட்டு, மஞ்சள் கறையும் எண்ணெய்க் கறையும் ஏறி, அட்டை கிழிந்து கிடக்கும் புத்தகம் எது என்று தேடினால், அது நிச்சயமாக என் நாவலாக இராது. ஆகையால் இந்தத் தடவை ஒரு சமையல் குறிப்பை எடுத்துக் கொள்கிறேன். அது புத்தகத்தில் வந்ததுகூட இல்லை. ஒரு பொட்டலத்தின் முதுகில் அச்சடித்திருந்தது. மொத்தம் மூன்றே வாக்கியம்.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் பொங்கலுக்கு எருமப்பட்டி வந்தபோது அந்தப் பொட்டலத்தை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தான். கூடவே மேஜைமேல் வைக்கிற மின்சார ஓவன் ஒன்று. "மாமா, இது பிராட்வுர்ஸ்ட். ஜெர்மன்காரங்க சாப்பிடறது. அடுப்புப் பக்கம் நிக்கவே வேண்டாம், உள்ள வெச்சு எடுத்தா முடிஞ்சுது" என்றான். அந்த நாட்டில் பெரும்பாலும் பன்றிக் கறியிலோ கன்றுக் கறியிலோ செய்வார்கள். இது கோழிக் கறியை அரைத்து ஆட்டுக் குடலில் அடைத்தது. கோழி எங்கள் நாமக்கல் பக்கத்திலிருந்து பெங்களூர் போய், வேஷம் மாற்றிக்கொண்டு ஊர் திரும்பியிருந்தாலும் ஆச்சரியமில்லை.

குறிப்பு இதுதான்: ஓவனை 200 டிகிரிக்குச் சூடாக்கவும். சாசேஜ்களைத் தட்டில் அடுக்கவும். 20 நிமிஷத்தில் பொன்னிறமாக எடுத்துப் பரிமாறவும்.

அப்படியே செய்தோம். 20 நிமிஷம் கழித்துத் திறந்தால் வெளிறிப்போய், குளிர்காலத்து விரல்கள் மாதிரி படுத்திருந்தன. பொன்னிறம் என்று போட்டிருக்கிறதே என்று சூட்டை 250-க்கு ஏற்றினேன். சற்று நேரத்தில் 'டப் டப்' என்று வெடிச் சப்தம். தோல் கிழிந்து, கொழுப்பு தட்டில் வழிந்து, வீடு முழுதும் புகை. வெட்டிப் பார்த்தால் வெளியே கரி, நடுவில் பச்சை.

தங்கை மகன் ஓவனைக் குற்றம் சொன்னான். நான் எழுத்தைக் குற்றம் சொல்கிறேன்.

பொட்டலம் உறைந்திருந்தால் முதல் நாள் இரவே ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டில் வைத்து இளக விட வேண்டும் என்று அதில் இல்லை. அதையாவது மன்னித்து விடலாம். பெரிய குறை, காரணத்தைச் சொல்லாதது. உறையாக இருப்பது குடல். சூடு பட்டால் அது சுருங்கும். அதே நேரத்தில் உள்ளே இருக்கும் கொழுப்பு உருகும், ஈரம் ஆவியாகும். நிதானமான சூட்டில் தோலும் கறியும் சேர்ந்தே பக்குவப்படும். அவசரப்பட்டால் வெளியே இறுகுகிறது, உள்ளே பொங்குகிறது, வெடிக்கிறது. இந்த நாலு வரி அந்த அட்டையில் இருந்திருந்தால் நான் சூட்டை ஏற்றியிருக்கவே மாட்டேன்.

மறு நாள் மிச்சம் இருந்ததை அப்படித்தான் செய்தேன். இரவெல்லாம் இளகவிட்டு, ஈரத்தைத் துணியால் ஒற்றி, கொஞ்சம் எண்ணெய் தடவி, ஒன்றையொன்று தொடாமல் கம்பித் தட்டில் வைத்து, 190 டிகிரியில் 25 நிமிஷம். பாதி நேரத்தில் இடுக்கியால் ஒரு புரட்டு. முள்ளால் குத்தவில்லை, குத்தினால் சாறெல்லாம் தட்டுக்குப் போய்விடும். தெர்மாமீட்டர் ஊசியைச் சாசேஜின் நுனி வழியாக நடு வரைக்கும் செருகிப் பார்த்தேன். கோழிக் கறியானால் உள்ளே 74 டிகிரி இருக்க வேண்டும். இருந்தது. வெளியே எடுத்ததும் வெட்டாமல் ஐந்து நிமிஷம் ஆறவிட்டேன். தோல் பழுப்பேறி, பல் பட்டதும் மெல்லிய சப்தத்துடன் விட்டது. நன்றாகவே இருந்தது.

ஜெர்மானியர்கள் இந்தப் பண்டத்தைப் பற்றி எழுதி வைப்பதில் சளைத்தவர்கள் அல்ல. எந்தக் கறியை அடைக்கலாம், எதை அடைக்கக் கூடாது என்று துரிஞ்சியா நாட்டுக் கசாப்புக்காரர்களுக்கு 1432-லேயே சட்டம் எழுதியிருக்கிறார்கள். அந்த ஏடு வைமர் நகரத்தில் இருக்கிறது. நியூரம்பெர்க் சாசேஜ் 7 முதல் 9 சென்டிமீட்டர் நீளமும் 20 முதல் 25 கிராம் எடையும் இருக்க வேண்டும் என்று இன்றைக்கும் விதி உண்டு. 2003 முதல் அந்தப் பெயருக்கு ஐரோப்பிய யூனியனின் பாதுகாப்பும் உண்டு. சுண்டுவிரல் அளவுப் பண்டத்துக்கு இத்தனை காகிதம்!

நம்மிடம் காகிதம் இல்லையா என்றால், உண்டு. 1951-ல் எஸ். மீனாட்சி அம்மாள் 'சமைத்துப் பார்' எழுதினார். கல்யாணமாகி வெளியூர் போகிற பெண்ணுக்கு, பக்கத்தில் நின்று சொல்கிற பெரியவளின் குரல் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. அளவும் சொல்வார், பதமும் சொல்வார். பதம் என்றால் சொல் என்றும் அர்த்தம் உண்டல்லவா? இரண்டும் தெரிந்தவர் அந்த அம்மாள். என் அபிப்பிராயத்தில் தமிழ் உரைநடையில் அது ஒரு நல்ல புத்தகம். ஆனால் அது மரக்கறிச் சமையல் மட்டுமே. அதற்காக அவரைக் குறை சொல்வது அநியாயம். தமக்குத் தெரிந்ததை எழுதினார். கறி தின்கிற வீட்டில் பிறந்து, எழுதவும் தெரிந்த என்னைப் போன்றவர்கள் என்ன செய்து கொண்டிருந்தோம்?

இப்போது கடையில் அசைவச் சமையல் புத்தகங்களுக்குப் பஞ்சமில்லை. நாலைந்து வாங்கிப் பார்த்தேன். குடல் குழம்புக்கு வந்ததும் எல்லாமே ஒரே மாதிரி தொடங்குகின்றன: "ஆட்டுக் குடலைச் சுத்தம் செய்து கொள்ளவும்." அவ்வளவுதான், அடுத்த வரியில் வெங்காயம் வதங்கத் தொடங்கி விடுகிறது. என் அம்மாயிக்கு அந்தச் 'சுத்தம் செய்து கொள்ளவும்' ஒரு முழுக் காலை வேலை. குச்சியில் மாட்டி உள்புறம் வெளியாகப் புரட்டுவாள். சுண்ணாம்பு தடவிச் சுரண்டுவாள். வெந்நீரில் ஒரு கழுவு, மஞ்சள் போட்டு ஒரு கழுவு, பிறகு முகர்ந்து பார்த்து மறுபடியும் ஒரு கழுவு. எத்தனை கழுவு போதும் என்பது அவள் மூக்குக்குத்தான் தெரியும். நாவலாசிரியர்கள் எழுத முடியாத இடத்தில் "பல வருஷங்கள் உருண்டோடின" என்று போடுவோமே, அந்த மாதிரி வாக்கியம் இது. பொட்டலத்துப் 'பொன்னிற'மும் இதற்கு உறவுதான். எழுதுகிறவன் ஓடி ஒளிந்த இடம்.

ஊவே டிம் என்ற ஜெர்மன் நாவலாசிரியர் 1993-ல் ஒரு சிறு நாவல் வெளியிட்டார். கறிப்பொடி தூவிய சாசேஜை யார் கண்டுபிடித்தது என்பது கதை. சரித்திரப்படி 1949-ல் பெர்லினில் ஹெர்ட்டா ஹாய்வர் என்ற பெண் செய்தது என்பார்கள். டிம்மோ ஹாம்பர்கில் லேனா புரூக்கர் என்ற கிழவியைப் படைத்து, முதியோர் இல்லத்தில் உட்கார வைக்கிறார். கதைசொல்லி போய்ச் சாசேஜைப் பற்றிக் கேட்கிறான். கண் தெரியாத அந்தக் கிழவி ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே, யுத்தத்தின் கடைசி நாட்களில் படையிலிருந்து ஓடி வந்த ஒருவனைத் தன் வீட்டில் ஒளித்து வைத்த கதையைத் தொடங்கி விடுகிறாள். சாசேஜ் வருவேனா என்கிறது. நடுவில் எனக்குக்கூட அலுப்புத் தட்டியது, ஒளிவானேன். ஆனால் மூடி வைத்த பிறகு, அந்த ஆள் மறுபடி மறுபடி போய் உட்கார்ந்தானே என்பதுதான் மனசில் நின்றது. நான் அம்மாயியிடம் ஒரு பிற்பகல்கூட அப்படி உட்காரவில்லை. தட்டை நீட்டினேன், தின்றேன். அவள் போய் இருபது வருஷம் ஆகிறது.

அவள் கைப்பக்குவத்தில் பாதியாவது தெரிந்தவர் என் சின்னம்மா. எண்பதைத் தாண்டியவர், அடுத்த தெருவில் இருக்கிறார். பொங்கல் கழிந்த வாரம் நோட்டுப் புத்தகத்துடன் போனேன். கையோடு வெந்த சாசேஜ் இரண்டும் கொண்டு போனேன்.

"குடல் எவ்வளவு நேரம் வேகணும், சின்னம்மா?"

"வேகற வரைக்கும், சாமி."

எழுதவில்லை, பேனாவுடன் காத்திருந்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே சொன்னார்: "மொதல்ல மசாலா வாசம் வரும். அப்ப எறக்கீராத. அது அடங்கி, கறி வாசம் மேல வரும். அப்பப் பாரு, துண்டு வெரல்ல வழுக்காது."

அதை அப்படியே எழுதிக்கொண்டேன். 200 டிகிரியைவிடத் திட்டமான அளவு. பிறகு அவர் சாசேஜை ஒரு கடி கடித்துப் பார்த்தார்.

"கொடல நல்லாத்தான் கழுவியிருக்கறானுக" என்றார். "உள்ளார எதுக்குக் கறிய இப்பிடி அரைச்சு அடைச்சானுக? பல்லில்லாதவிய திங்கறதுக்கா?"

மற்றதையும் எடுத்துக்கொண்டார்.