மதிலைக் கட்டியது யார்?

சென்னைப் புறநகரான அம்பத்தூரில் பிறந்து, அம்பத்தூரில் படித்து, அம்பத்தூரிலேயே வீடும் கட்டியவரிடம் “சொந்த ஊர் எது?” என்று கேட்டுப் பாருங்கள். திண்டிவனம் பக்கம் என்பார், திருநெல்வேலி என்பார், செய்யாறு என்பார். அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் வேலை கிடைத்து அப்பாவோ தாத்தாவோ ரயில் ஏறிய ஊரின் பெயர் அது. அங்கே இவருக்கு ஒரு குலதெய்வக் கோயிலும் பேச்சு நின்றுபோன இரண்டு சித்தப்பாக்களும் இருக்கலாம். அம்பத்தூர் குடியிருக்கிற இடம், ஊர் வேறு.

பக்கத்து ஆவடியில் இது இன்னும் அழுத்தம். 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை தொடங்கியது; 1965இல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. படைகளுக்கு உடை தைக்கும் ஆலை, என்ஜின் தொழிற்சாலை, விமானப்படை நிலையம், மத்திய ரிசர்வ் போலீஸ் முகாம் எல்லாம் சேர்ந்துகொண்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதில், மதில்மேல் முள்கம்பி, ஒரு கேட். உள்ளே குவார்ட்டர்ஸ். தெலுங்கும் மலையாளமும் இந்தியும் பேசுகிற பிள்ளைகள் ஒரே வேப்பமரத்தடியில் கிரிக்கெட் ஆடுவார்கள். அப்பாவுக்கு மாற்றல் வந்தாலோ, ஓய்வு பெற்றாலோ, வீட்டைக் காலிசெய்து சாவியைக் கொடுத்துவிட வேண்டும். பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் ஒரு மே மாதம் அப்படித்தான் போனான். ஜூனில் அந்த வழியாகச் சைக்கிளில் போனேன். அவன் வீட்டுக் கொடியில் வேறு யாருடைய துணியோ காய்ந்துகொண்டிருந்தது.

அந்தக் கொடியை எனக்கு மறுபடி ஞாபகப்படுத்தியது ஒரு ஜப்பானியத் தொடர்: ‘ஹைபானே ரென்மெய்’. சாம்பல் இறகுகளின் கூட்டமைப்பு என்று பொருள் சொல்லலாம். 2002 அக்டோபர் முதல் டிசம்பர்வரை ஃபுஜி தொலைக்காட்சியில் வந்தது; மொத்தம் 13 பகுதிகள். யோஷிதோஷி ஆபே என்ற ஓவியர் தன் கைக்காசில் அச்சிட்ட சிறு சித்திரக்கதைப் புத்தகங்களில் முளைத்த கதை. திரைக்கதையும் அவரே, இயக்கியவர் தோமோகாசு தோகோரோ. சோனி யே சேனலில் நருட்டோ தமிழ் பேசியாகிவிட்டது. ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ படம் 2025 செப்டம்பரில் தமிழ்க் குரலோடு திரையரங்குகளுக்கே வந்தது. அனிமே என்றாலே வாள்வீச்சும் அலறலும் என்று நினைத்திருக்கும் என் அக்கா மகனுக்கு இந்தத் தொடரைப் போட்டுக் காட்டினேன். “மாமா, சண்டை எப்ப வரும்?” என்று மூன்றாவது பகுதியில் கேட்டான். வராது. அவன் எழுந்து போய்விட்டான்.

கதை இதுதான். வானத்திலிருந்து தலைகீழாக விழுகிறாள் ஒரு சிறுமி. ஒரு காகம் அவள் உடையைக் கவ்வி இழுத்துப் பார்க்கிறது, முடியவில்லை. அவள் விழித்துக்கொள்வது ஒரு கூட்டுக்குள், தண்ணீரில். கூட்டை உடைத்து வெளியே வந்தால் பழைய விடுதிக் கட்டடம் ஒன்று. அதில் தலைக்குமேல் ஒளிவளையமும் முதுகில் சின்னஞ்சிறு சாம்பல் நிறச் சிறகுகளும் கொண்ட பெண்கள். இவளுக்கு எதுவும் நினைவில்லை, பெயர்கூட. கூட்டில் என்ன கனவு கண்டாயோ அதுவே உன் பெயர் என்கிறார்கள். விழுந்தவள், அதனால் ரக்கா. கூழாங்கற்களைக் கண்டவள் ரெகி. வானத்தில் மிதந்தவள் கூ. தூங்கிக்கொண்டிருந்தவள் நேமு. இவர்கள் வாழும் குரி என்ற ஊரைச் சுற்றி உயர்ந்த மதில். பறவைகள் தாண்டலாம். முகத்தை மூடி வரும் தோகா என்ற வணிகர்கள் வாசல்வழி வந்து போகலாம். மற்ற யாரும் போக முடியாது. மதிலைத் தொடவே கூடாது.

இந்தத் தொடரின் முறை, சொல்லாமல் விடுவது. மதில் ஏன்? யார் கட்டியது? இந்தப் பிள்ளைகள் செத்தவர்களா, பிறக்கவிருப்பவர்களா? ஒரு நாள் ஒருத்தி மதிலுக்கு அப்பால் போய்விடுகிறாளே, எங்கே? பதில் கிடையாது. மதில் சூழ்ந்த ஊர் என்ற எண்ணத்தில் ஜப்பானிய எழுத்தாளர் முராகாமியின் 1985 நாவலுக்குக் கடன்பட்டிருப்பதை ஆபே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் அந்த நாவலில் இருக்கும் இணைக்கதையும் விளக்கங்களும்கூட இங்கே இல்லை. ரசிகர்கள் பலர் இந்த மௌனத்தை மொத்தமாகப் புகழ்கிறார்கள். என் கணக்கில் இதற்குள் இரண்டு வகை மௌனம் இருக்கிறது. ஒன்று தொடரை உயர்த்துகிறது; மற்றது தொடர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மட்டும் உதவுகிறது.

முதலில் நல்லது. ரக்காவுக்குச் சிறகு முளைக்கும் இரவை எடுத்துக்கொள்ளுங்கள். தேவதைக் கதைகளில் சிறகு வருவது அழகு. இங்கே காய்ச்சல் வருகிறது. முதுகுத்தோல் கிழிந்து ரத்தம் வழிகிறது. பெண் வலி தாங்காமல் கத்துகிறாள். ரெகி விடியவிடிய உட்கார்ந்து அந்த ஈரச் சிறகின் ரத்தப் பிசுக்கை இழை இழையாகத் துடைத்தெடுக்கிறாள். ஏன் இந்தச் சிறகு, எதற்கு என்று ஒரு வார்த்தை இல்லை, ரெகிக்கும் தெரியாது. தெரியாததைப் பற்றி அவள் பேசவில்லை, தெரிந்த வேலையைச் செய்கிறாள். ஒளிவளையம் தலைமேல் நிற்காமல் சரியும்போது கம்பியை வளைத்து முட்டுக்கொடுக்கிறாள். அடைக்கலம் என்ற சொல்லுக்கு இவ்வளவு கைவேலையோடு ஒரு காட்சியை நான் வேறெந்தத் தொடரிலும் பார்த்ததில்லை. ரெகி நம்மூர் வீடுகளில் இருக்கும் மூத்த அக்காதான்: சமைப்பாள், அதட்டுவாள், மாடியில் தனியாக நின்று சிகரெட் பிடிப்பாள் (கடைசியது நம்மூரில் சொல்லப்படுவதில்லை).

கூ மறைந்துபோகும் காட்சியும் அப்படியே. பெரிய பெண்களில் சின்னவளான அவள், மழை பெய்த ஒரு நாள் இல்லாமல் போகிறாள். பறக்கும் நாள் என்று அதற்குப் பெயர். யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, போகிறவளும் சொல்வதில்லை. காட்டில் தேய்ந்துபோன ஒளிவளையம் மட்டும் கிடக்கிறது. மற்றவர்கள் சில நாளில் வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள்; கனா கடிகாரக் கோபுரத்துக்கு, ஹிகாரி ரொட்டிக் கடைக்கு. ரக்காவால் முடியவில்லை, அவள் சிறகில் கரும்புள்ளிகள் படருகின்றன. ஒருவர் போனதும் ஊர் ஒன்றுமே நடக்காததுபோல் நடந்துகொண்டிருப்பதுதான் அவளை உடைக்கிறது. குவார்ட்டர்ஸ் கொடியில் வேறு துணியைப் பார்த்தவனுக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை.

பெயர் விளையாட்டைப் பற்றி ஒரு சிறு விலகல். நான் பார்த்தது ஆங்கில வசனவரிகளோடு. ஜப்பானிய எழுத்தில் ஒரே ஒலியைப் பல விதமாக எழுதலாம். எழுத்து மாறினால் பொருள் மாறும். ‘விழுதல்’ என்று இருந்த ரக்கா, ஒரு கிணற்றின் ஆழத்தில் அந்தக் காகத்தின் எலும்பைக் கண்டு, யாரோ தன்னை நேசித்திருந்தார்கள் என்று உணர்ந்த பிறகு, அதே ஒலியில் ‘பின்னிப் பிணைந்த கொட்டை’ என்ற எழுத்துகளைப் பெறுகிறாள். ‘கூழாங்கல்’ ரெகிக்கு அதே ஒலியில் காத்திருக்கும் மறுபொருள் கொடியது: சக்கரத்தில் அரைபட்டவள். கூப்பிடும் குரல் மாறவில்லை, ஆள் மாறிவிடுகிறாள். வசனவரியில் இது செத்துவிடுகிறது. பாம்பையும் எள்ளையும் ஒரே பாட்டில் பாடிய காளமேகத்தின் மொழியில், சிலேடை தெரிந்த ஒருவர் இதைத் தமிழாக்கினால் பிழைக்கலாம். தமிழ்க் குரல்பதிவுகளைச் சினிமா வசனத்தாலும் மீம் பேச்சாலும் நிரப்புகிறவர்களிடம் இதைக் கொடுக்க எனக்குப் பயம்.

இனி மற்ற மௌனம். இந்தச் சிறகுப் பிள்ளைகள், அதாவது ஹைபானேக்கள், பணத்தைத் தொடக்கூடாது. புதிய பொருள் எதையும் வாங்கக்கூடாது. பிறர் உடுத்துக் கழித்த துணியை, பிறர் கைவிட்ட கட்டடத்தை மட்டுமே பயன்படுத்தலாம். ஊரில் வேலை செய்தே ஆகவேண்டும். கடைக்குப் போனால், இவர்களை மேற்பார்க்கும் கூட்டமைப்பு கொடுத்த குறிப்பேட்டில் எழுதிக் கணக்கு. கூட்டமைப்பின் ஆளான வாஷியிடம் கோயிலில் அனுமதியில்லாமல் வாய் திறக்கக்கூடாது. சிறகில் கட்டிய மணியை ஆட்டி ஆம், இல்லை சொல்லவேண்டும். ஊர்க்காரர்கள் நல்லவர்கள், இவர்களை அதிர்ஷ்டச் சின்னம்போல் கொண்டாடுகிறார்கள். இதையெல்லாம் தொடர் ஓர் எளிய துறவு வாழ்வாக, ரொட்டி மணக்க, மெல்லிய பழுப்பு வண்ணத்தில் காட்டுகிறது.

அம்பத்தூர் எஸ்டேட் ஓரத்தில் வசிக்கிறவனுக்கு இந்த மணம் அவ்வளவு எளிதில் ஏறாது. தொடரிலேயே இன்னொரு ஹைபானே கூட்டம் வாழும் இடத்தின் பெயர் ‘கைவிடப்பட்ட ஆலை’. எங்கள் பக்கமும் மூடிப்போன ஆலைகள் உண்டு. டன்லப் என்றால் இன்றும் பெரியவர்கள் பெருமூச்சு விடுவார்கள். பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி ஷிஃப்டுக்கு நடக்கும் ஒடிசா, பீகார் பையன்களும் ஊருக்கு வேண்டியவர்கள்தான். டீக்கடையில் அன்பாகத்தான் பேசுகிறோம். ஆனால் ஓர் அறைக்கு எட்டுப் பேராகப் படுத்து, கான்ட்ராக்டர் கையில் கணக்கை வைத்திருப்பவனிடம் இந்த எளிமையை அழகு என்று சொல்ல நமக்கு வாய் வருமா? பூந்தமல்லியில் ஈழத் தமிழர்களைச் ‘சிறப்பு முகாம்’ என்ற பெயரில் அடைத்துவைத்திருந்ததும் ஒரு மதிலுக்குள்தான். பாதுகாக்கும் மதிலும் பூட்டிவைக்கும் மதிலும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். எது எது என்று உள்ளே இருப்பவரைக் கேட்டால்தான் தெரியும். இந்தத் தொடரில் உள்ளே இருக்கும் யாரும் அதைக் கேட்கவில்லை. ரெகியும், ஆலைப் பையன் ஹியோகோவும் முன்பு மதிலேற முயன்றார்கள் என்று வருகிறது. ஹியோகோ சாகக் கிடந்தான், ரெகிக்கு ஆலைப் பக்கம் போகத் தடை. மீறியவருக்கு நோய், பிறகு தண்டனை. மீறல் என்ன கேட்டது என்பது கதைக்கு வேண்டாததாகிவிடுகிறது.

இதைவிடக் கடினமானது ‘பாவம்’. ரக்காவும் ரெகியும் பாவம் பிடித்தவர்கள் என்று குறிக்கப்படுகிறார்கள். ரக்காவின் விழும் கனவையும், கடைசிப் பகுதியில் ரெகியின் அறைச் சுவரிலிருந்து பாய்ந்துவரும் ரயிலையும் சேர்த்துப் பார்த்தால், முற்பிறவியில் இவர்கள் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டவர்கள் என்று படிக்காமல் இருக்க முடியாது. அப்படியானால் அந்தத் துயரத்துக்குப் பாவம் என்று பெயரிடும் கூட்டமைப்பின் அதிகாரத்தைக் கதை ஒரு தடவையாவது உரசிப் பார்த்திருக்கவேண்டும். நம் நாட்டில் தற்கொலை முயற்சி நெடுங்காலம் குற்றம். 2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம்தான் அப்படி முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதவேண்டும் என்றது. 2024 ஜூலையில் பழைய தண்டனைச் சட்டமே போனபோது அதன் 309ஆம் பிரிவும் போயிற்று. குற்றவாளி என்ற சொல்லை விலக்கவே நமக்கு இத்தனை காலம் பிடித்தது. வாஷி ரக்காவிடம் போடும் புதிர், பாவத்தை அறிந்தவருக்குப் பாவமில்லை, அறிந்துவிட்டேன் என்று நினைத்தால் மறுபடி பாவி என்று சுற்றிச்சுற்றி வருகிறது. கேட்க ஆழமாக இருக்கிறது. வதைபட்ட சிறுமியைத் தன்னையே இன்னும் வதைத்துக்கொள்ளச் சொல்கிறது என்பதும் உண்மை.

இந்த இடத்தில் தொடரை ஒதுக்கிவிடலாம் என்று தோன்றும். ஒதுக்கவிடாதது கடைசிப் பகுதி. அதுவரை தாயாக, அக்காவாக இருந்த ரெகி, கதவை மூடிக்கொண்டு ரக்காவிடம் உண்மையைச் சொல்கிறாள்: உனக்குச் செய்ததெல்லாம் உனக்காக இல்லை, நல்லவளாக இருந்தால் எனக்கு மன்னிப்புக் கிடைக்கும் என்றுதான். முதல் பகுதியில் துடைத்த ஒவ்வோர் இறகும் அந்தக் கணக்கில் சேர்ந்ததாம். எனக்கு அந்த இடத்தில் மூச்சு நின்றது. புண்ணியக் கணக்கு எழுதி வளர்ந்த நமக்கு இதைவிடக் கூச்சம் தரும் காட்சி வேண்டாம். ரக்கா போய் ரெகியின் நாட்குறிப்பைப் படிக்கிறாள், திரும்பி வருகிறாள். கணக்குக்காகச் செய்திருந்தாலும் துடைத்த கை துடைத்த கைதானே. ஆனால் ரெகி கேட்டால்தான் உதவ முடியும். ஏழு ஆண்டுகளாக யாரிடமும் உதவி கேட்காதவள், வாய் திறந்து கேட்கவேண்டும். கேட்கிறாள். வாஷியின் புதிர் அவளுக்கு எந்த விதத்திலும் உதவவில்லை. பக்கத்தில் நின்ற ஒருத்திதான் உதவினாள். ஆபே எழுதத் திட்டமிட்டாரோ இல்லையோ, அவருடைய கதையே அவருடைய கூட்டமைப்பைப் பொய்யாக்கிவிடுகிறது.

குறைகள் இன்னும் உண்டு. முதல் நான்கு பகுதிகள் தேவைக்குமேல் மெதுவாக நகரும்; படவரைவு சில இடங்களில் பட்ஜெட்டின் வறுமையைக் காட்டும், ஒரே முகம் காட்சிக்குக் காட்சி மாறும். கோ ஓதானியின் இசை பல தொய்வுகளை மூடிவிடுகிறது. நேமுவும் கனாவும் ஹிகாரியும் தொடக்கத்தில் ஆளுக்கொரு பகுதி பெற்று, பிறகு பின்னணியாகத் தேய்கிறார்கள்.

தெரியாதவனின் மௌனத்தை இந்தத் தொடர் அளவுக்கு நேர்மையாகக் காட்டியவை குறைவு. தெரிந்தவனின் மௌனத்தை, கோயிலில் உட்கார்ந்து விதி வகுக்கிறவனின் மௌனத்தை, அதே மரியாதையோடு நடத்தியது அதன் பெரிய தவறு. பார்ப்பதென்றால் ஆறாவது பகுதிவரை பொறுத்துக்கொள்ளுங்கள். கூ அதில்தான் போகிறாள். என் அக்கா மகனுக்கு இப்போது பதினெட்டு. அவன் அப்பாவுக்கு ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. குவார்ட்டர்ஸைக் காலிசெய்ய வேண்டும். போன வாரம் அவனே கேட்டான், “மாமா, அந்தச் சண்டை இல்லாத சீரியல் இன்னும் வச்சிருக்கியா?”