உடன் வளர்ந்தோர் மீண்டும் கூடும் புதினங்கள்: நெறிகளும் அளவுகோல்களும்

இளமையில் ஒரே தெருவிலோ ஒரே வீட்டிலோ உடன் வளர்ந்து, பின்னர்ப் பிரிந்து, ஆண்டுகள் பல கழித்து எதிர்ப்படும் இருவரிடையே அன்பு மறுபடி தளிர்ப்பதைக் கூறும் புதினங்களை ‘மீள்கூடற் புதினங்கள்’ எனலாம். முதற் காதலைப் பாடும் கதைகளில் இருவரும் ஒருவரையொருவர் புதிதாக அறிகின்றனர். மீள்கூடற் புதினத்திலோ முன்பே அறிந்தவரை மறுபடி அறிய வேண்டியிருப்பதால், நினைவும் நிகழ்காலமும் மோதுவதே அதன் உயிர்நிலையாகிறது.

இக்கதைப்பொருளின் வித்து தமிழில் மிகப் பழமையானது. ஒருவர் தலைமயிரை ஒருவர் பற்றியிழுத்துச் சண்டையிட்டுத் திரிந்த சிறுவனும் சிறுமியுமே இன்று உடன்போக்கில், அதாவது பெற்றோர் அறியாமல் இணைந்து செல்லும் பயணத்தில், செல்வதைக் கண்டோர் வியப்பதாகக் குறுந்தொகையின் 229ஆம் பாடல் அமைந்துள்ளது. கலித்தொகையின் 51ஆம் பாடல் இதனினும் நுட்பமானது. சிறுமியர் மணலில் கட்டிய விளையாட்டு வீடாகிய சிற்றிலைக் காலால் சிதைத்து, சூடிய மாலையைப் பறித்து, பந்தைக் கவர்ந்து ஓடிய குறும்பன், பின்னொரு நாள் தண்ணீர் கேட்டு அவள் வீட்டு வாயிலில் வந்து நிற்கிறான். தண்ணீர் தர வந்தவளின் வளைக்கையை அவன் பற்ற, அவள் அலறி அன்னையை அழைக்கிறாள். அன்னை ஓடிவந்ததும், தண்ணீர் குடிக்கையில் அவனுக்கு விக்கல் எடுத்தது என்று மறைத்துவிடுகிறாள். சிற்றிலை மிதித்தவன்மீது குறை சொல்லும் வயதைக் கடந்து, அவனைக் காக்கப் பொய் சொல்லும் பருவத்துக்கு அவள் வந்துவிட்டாள் என்பதை அந்த ஒரு சொல் காட்டிவிடுகிறது. பழைய உறவுக்குப் புதிய மறுமொழி என்னும் இதுவே இம்மரபின் முதல் அளவுகோல்.

ஆங்கிலப் புதினத்தில் இரு நெறிகளைக் காணலாம். முதலாவது முதிர்ச்சி நெறி. அதன் முன்மாதிரி, ஜேன் ஆஸ்டின் 1817இல் மறைந்த பின் அவ்வாண்டின் இறுதியிலேயே வெளிவந்த ‘பெர்சுவேஷன்’. அதன் தலைமக்கள் உடன் வளர்ந்தவர் அல்லர் எனினும், பிறர் அறிவுரைக்கு இணங்கிப் பத்தொன்பது வயதில் மண உறுதியை முறித்த ஆன் எலியட், எட்டாண்டுகளுக்குப் பின் அதே வென்ட்வொர்த்தைச் சந்திக்கையில் தன் தீர்ப்பைத் தானே செய்யும் உரம் பெற்றிருப்பதால், இவ்வகைக்கு அந்நூலே இலக்கணமாயிற்று. இரண்டாவது வேட்கை நெறி. எமிலி பிராண்டியின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ (1847) நூலில் யார்க்‌ஷயர் மேட்டுநிலங்களில் கேத்தரினுடன் வளர்ந்த ஹீத்கிளிஃப், மூன்றாண்டு மறைந்திருந்து திரும்பும்போது அவள் பிறன் மனைவி. அங்கே காலம் எதையும் ஆற்றுவதில்லை. இவ்விரண்டுக்கும் நடுவே, டிக்கன்ஸ் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ (1860–61) நூலில் பிப்பையும் எஸ்டெல்லாவையும் பிரித்தே முடிக்க எழுதி, நண்பர் புல்வர் லிட்டனின் கருத்தைக் கேட்டு முடிவை மாற்றினார் என்பது, கூடலை முடிவாக்குவது எவ்வளவு கடினம் என்பதற்குச் சான்றாகும்.

வங்கத்தில் இப்பொருளைத் தம் உடைமையாகவே ஆக்கிக்கொண்டவர் சரத் சந்திரர் (1876–1938). 1917இல் நூலாக வெளிவந்த ‘தேவதாஸ்’ கதையில், மறுப்பைப் பொறாத தேவதாஸ் தூண்டிற்கோலால் பார்வதியின் நெற்றியில் அடிக்கிறான். அத்தழும்புடனேயே அவள் வேறொருவர் வீடு புகுகிறாள். 1953இல் வந்த திரைப்படத்தால் தமிழரும் இக்கதையை நன்கறிவர். ‘ஸ்ரீகாந்தா’விலோ, பள்ளிப் பருவத்தில் காட்டுப் பழங்களைக் கோத்து மாலையாக்கித் தந்த ராஜலட்சுமி, பின்னாளில் பாடகி பியாரி பாயாக இருக்கையில் ஸ்ரீகாந்தனைத் தானே முதலில் அடையாளம் காண்கிறாள். ‘பல்லி சமாஜ்’ (1916) நூலில் விதவையான ரமா, இளமைத் தோழன் ரமேஷை ஊராரின் பகைக்கிடையே இழந்து காசிக்குச் செல்கிறாள். சமூகத்தின் தடையும் உள்ளத்தின் கோழைமையும் ஒன்றையொன்று ஊட்டி வளர்ப்பதைக் காட்டுவதே வங்க நெறியின் சிறப்பு.

தமிழ்ப் புதினத்தில் இந்நெறியின் உச்சம் தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ (1966). காவிரிக்கரை வேதபாடசாலையில் அப்புவுடன் வளர்ந்த இந்து, மணமாகி விதவையாகித் திரும்பியவள். அவள் அன்பை ஏற்க அஞ்சிச் சென்னைக்குப் போகும் அப்பு, தான் தூய்மையின் வடிவாக எண்ணிய தாயின் வாழ்வை அறிந்த பின்னரே இந்துவிடம் மீள்கிறான். சரத் சந்திரரிடம் காதலி காசிக்குச் செல்ல, இங்கே தாய் காசிக்குப் புறப்படுகிறாள். இளமைத் தோழியோ காவிரிக் கரையிலேயே நிலைபெறுகிறாள். கைம்மை என்னும் அதே தடையை வைத்துக்கொண்டு தமிழ்ப் புதினம் எடுத்துவைத்த துணிவான அடி இது.

இவற்றிலிருந்து மேலும் இரண்டு அளவுகோல்கள் தெளிவாகின்றன. பிரிவின் காரணம் தொலைந்த கடிதமாகவோ தவறாகக் கேட்ட சொல்லாகவோ நின்றுவிடாமல், மாந்தரின் குணத்திலேயே வேர்கொண்டிருக்க வேண்டும். கூடலுக்கு ஒரு விலையும் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். அப்பு தன் தாயைப் பற்றிய கற்பனையைக் கொடுத்தே இந்துவைப் பெறுகிறான். பிரிந்த ஆண்டுகள் இருவரையும் மாற்றாமல் விட்டிருந்தால், கடைசிப் பக்கத்துக் கூடல் வெறும் தற்செயலே. இழந்த இளமையைத் திருப்பித் தருவதாகச் சொல்லும் புதினம் நிலைப்பதில்லை; அது திரும்பாது என்றறிந்தும் இருவரைக் கைகோக்கச் செய்யும் புதினமே நிலைக்கும்.