மணிமேகலையின் சார்புச் சொற்களும் இன்றைய மொழிபெயர்ப்பும்

பௌத்தம் கூறும் விடுதலை நெறி, துன்பத்தின் காரணத் தொடரை அறிந்து அதனை அறுப்பதாகும். பன்னிரண்டு கண்ணிகள் கொண்ட அத்தொடரை வடமொழி நூல்கள் பிரதீத்திய சமுத்பாதம் என்னும். மணிமேகலை சார்பு என்னும். அக்காப்பியத்தின் 30ஆம் காதை பன்னிரு கண்ணிகளுக்கும் தரும் பெயர்கள் தமிழின் பழைய கலைச்சொல்லாக்கத்துள் தலையாயவை. இன்று பௌத்த நூல்களைத் தமிழாக்குவோருள் ஒரு சாரார் இப்பெயர்களை அப்படியே மீட்க வேண்டும் என்பர். மற்றொரு சாரார் வடசொல்லையோ பாலிச் சொல்லையோ ஒலிபெயர்த்து அமைவர். இரு கொள்கைகளும் சொல்தோறும் சோதிக்கத்தக்கவை.

மீட்பாளர் பக்கம் வலுவான சான்றுகள் உள்ளன. நாமரூபம் என்பதை ஆங்கில வழி மொழிபெயர்ப்புகள் ‘பெயரும் உருவமும்’ என்கின்றன. சாத்தனார் அதனை அருவுரு என்றார். அபிதரும மரபில் நாமம் என்பது பெயரைச் சுட்டுவதன்று. உருவமற்ற கந்தங்களைச் சுட்டுவது. சாத்தனார் சொல்லை விட்டுப் பொருளைப் பெயர்த்தார். அவித்யா என்பதற்கு உறுப்புக்கு உறுப்பு நேரானது அறியாமை. ஆயினும் வசுபந்து தம் அபிதர்மகோசத்தில், அமித்திரன் என்னும் சொல் நண்பனின்மையைக் குறியாது பகைவனையே குறிப்பதுபோல, அவித்தையும் வித்தையின் இன்மை அன்று, அதற்கு எதிரான தனிப்பொருள் என வாதிடுகிறார். பேதைமை அத்தகைய உடன்பாட்டுச் சொல். திருக்குறளும் அதனைக் கேட்டை ஏற்று நன்மையைக் கைவிடும் இயல்பாகவே காட்டும். ‘அறியாமை’ எனத் திருத்துவோர் இந்நுட்பத்தை இழக்கின்றனர்.

சாத்தனார் எங்கும் இத்துணைச் செம்மையுடையார் அல்லர். மூப்பும் சாவுமாகிய இறுதிக் கண்ணியை வினைப்பயன் என்றது மொழிபெயர்ப்பாகாது, விளக்கமே ஆகும்.

இடர்ப்பாடு பெரிதாவது தொடரின் நடுவில். ஸ்பர்சத்திற்கு ஊறு, வேதனாவிற்கு நுகர்வு, விஞ்ஞானத்திற்கு உணர்வு என்பன காப்பியத்தின் பெயர்கள். ஊறு என்பது இன்றைய வழக்கில் தீங்கு. தொடுபுலப் பொருள் நூல்களோடு நின்றுவிட்டது. நுகர்வு என்றால் ‘நுகர்வோர்’ என்பதே முன்வரும். உணர்வு என்பதை இன்றைய வாசகர் மனவெழுச்சியாகவே கொள்வர். அறிதல் என்னும் பழம்பொருள் தோன்றாது. இவை வெறும் சொற்குறைகள் அல்ல. தொடர் அறுபடத்தக்க இடம் நுகர்வுக்கும் வேட்கைக்கும் இடையில் உள்ளது. புத்தர்க்கும் நுகர்வு உண்டு, வேட்கை இல்லை. விரும்பி நுகர்ந்தும் நிறைவுறாமையே வேட்கை எனக் காப்பியமும் இரண்டையும் பிரிக்கிறது. நுகர்வு என்பதைப் பொருள் துய்த்தல் எனக் கொள்ளும் வாசகர், விடுதலையை நுகராமை என்றே, அதாவது வெறும் துறவு என்றே உணர்வர். நெறியே மாறிவிடும்.

ஒலிபெயர்ப்பாளர் இவ்விடத்தில் இன்னும் மோசமாக இடறுகின்றனர். வேதனா தமிழில் வேதனை ஆகும்; அது துன்பத்தை மட்டும் குறிக்கும். மூலச்சொல்லோ இன்பம், துன்பம், இரண்டும் அல்லாதது ஆகிய மூன்றையும் அடக்கும். பாலியின் சங்க்காரம் தமிழ் எழுத்து மரபில் சங்காரம் ஆகி, அழித்தலைக் குறிக்கும் சங்காரத்தோடு மயங்கும்; சாத்தனாரின் செய்கைக்கு இவ்விடர் இல்லை. வேதனாவிற்கு ‘இன்ப துன்ப நுகர்ச்சி’ என விரித்து எழுதுவதே இப்போதைக்கு ஏற்றது.

நெறியின் முடிவைக் குறிக்கும் சொல்லிலும் இதே நிலை. நிர்வாணம் பேச்சு வழக்கில் ஆடையின்மை; வகுப்பறையில் அச்சொல் நகைப்பை எழுப்புவது ஆசிரியர் பலர் அறிந்ததே. காப்பியம் ஆளும் வீடு இன்று இல்லமாகிவிட்டது என்பது சிறு தடையே. சூழல் அதனைத் தெளிவிக்கும். பெருந்தடை வேறு. வீடு என்பது விடு என்னும் அடியிற் பிறந்தது. விடுபடுவதோர் உயிரை எதிர்நோக்குவது. சைவ, வைணவ நூல்களில் அவ்வுயிர் உண்டு. பௌத்தம் அதனை மறுக்கிறது. நிர்வாணம் என்னும் மூலச்சொல் தீ அணைதலைக் குறிப்பது. அணைவன காமம், வெகுளி, மயக்கம் ஆகிய மூன்று தீ. விளக்கிற்கும் புலனுக்கும் பொதுவாக வழங்கிய அவிதல் என்னும் தமிழ் வினை இதற்கு மிக அணுக்கமானது. அவித்தல் என்றவுடன் நெல்லும் கிழங்குமே நினைவுக்கு வரும் என்னும் மறுப்பு எழலாம். ‘வேட்கை அவிதல்’ எனத் தொடராக ஆளின் அம்மயக்கம் நீங்கும்.