துடைப்பத்தால் அளந்த பாதரசம்

சட்டமும் ஓர் எழுத்தே. கவிதையும் நாவலும் யார் பக்கம் நின்று எழுதப்பட்டவை என்று கேட்கும் நாம், மக்கள் உயிரோடு நேரே தொடர்புடைய சட்ட வாசகங்களை வழக்கறிஞரிடம் விட்டுவிடுகிறோம். குளோரீன் ஆலைகளின் பாதரச ஆவியைக் கட்டுப்படுத்த, ஐக்கிய அமெரிக்காவின் சுற்றாடற் பாதுகாப்பு முகவரகம் 1973இல் வகுத்த விதியை அக்கேள்வியோடு வாசித்துப் பார்ப்போம்.

ஆனையிறவு உப்பைக் கொண்டு பரந்தனில் எரிசோடாவும் குளோரீனும் செய்யப்பட்டதை அறிந்த வாசகருக்கு இத்தொழில் அந்நியமன்று. உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்திப் பிரிப்பதே அடிப்படை. அதன் பழைய முறைகளுள் ஒன்றில், கலத்தின் அடியில் பாதரசம் ஓடிக்கொண்டிருக்கும். பிரியும் சோடியத்தை அது ஏந்திச் செல்லும். வெப்பம் மிகுந்த அக்கலக்கூடத்தில், மூடியின் இடுக்கிலும் குழாயின் பொருத்திலும் கசியும் பாதரசம் ஆவியாகிக் கூரைவழி வெளியேறும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. முதலில் அதைச் சுவாசிப்பவன் கூடத்தில் நிற்கும் தொழிலாளி. பின்னர் அது மழையோடு ஆற்றில் இறங்கி, நுண்ணுயிர்களால் மெதைல் பாதரசமாகி, மீனில் சேர்ந்து, அம்மீனை உண்ட தாயின் வயிற்றுச் சிசுவின் மூளையைத் தாக்கும்.

விதி என்ன கூறிற்று? ஓர் ஆலை நாளொன்றுக்கு 2,300 கிராமுக்கு மேல் பாதரசத்தைக் காற்றில் விடலாகாது. கண்டிப்பான வாசகந்தான். ஆனால் அடுத்து வருவதைக் கவனிக்க வேண்டும். கலக்கூடத்தின் கசிவை ஆலை அளக்காமலே விடலாம். விதித்த பராமரிப்பும் துப்புரவும் நடந்தால், அக்கசிவு 1,300 கிராம் எனக் கொள்ளப்படும். கொள்பவர் யார்? தரையைத் துடைக்கும் ஊழியனின் துடைப்பமே அளவுகருவியாகிவிட்டது! நாவலாசிரியன் ஒருவன் கதையின் மையத்தை இப்படி ஊகத்துக்கு விட்டால் நாம் சும்மா இருப்போமா?

2000ஆம் ஆண்டுக் கணக்கில் இதன் விளைவு தெரிந்தது. அவ்வாண்டு ஆலைகளில் செலவான பாதரசத்தில் ஏறத்தாழ 65 தொன் எங்கே போயிற்று என்பதற்குக் கணக்கில்லை. அது குழாய்களுள்ளும் பாத்திரங்களுள்ளும் படிந்திருக்கும் என்றனர் ஆலைத் தரப்பினர். 2003இல் திருத்தி எழுதப்பட்ட விதியும், இயங்கிக்கொண்டிருந்த ஆலைகளின் கூடக் கசிவுக்கு இலக்கத்தில் எல்லை இடாமல், துப்புரவு முறைகளையே விரித்துரைத்தது.

காற்றோட்டத்துக்கெனத் திறந்து கிடக்கும் கூரையில் ஆவியை அளப்பது கடினம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின், அளக்கக் கடினமான நஞ்சை விலக்கலாம் அன்றோ? மினமாட்டாவின் நஞ்சு வேறுவகை ஆலையிலிருந்து வந்தது. எனினும், அம்மக்களின் போராட்டத்துக்குப் பின், அதே 1973இல், பாதரசக் கலங்களையே கைவிடுமாறு ஜப்பானிய அரசு குளோரீன் ஆலைகளைப் பணித்தது. 1986இல் அங்கு அவை முற்றாக ஒழிந்தன. பாதரசமின்றி, மென்சவ்வைக் கொண்டு அதே பொருள்களைச் செய்யும் முறை அதற்குத் துணைநின்றது.

இயங்கும் ஆலைகளிலிருந்தும் பாதரசம் வெளியேறலாகாது என்று அமெரிக்க விதி கூறியது 2022இல்தான். அப்போது அந்நாட்டில் எஞ்சியிருந்த பாதரசக் கல ஆலை, மேற்கு வேர்ஜீனியாவில் ஒன்றே ஒன்று. அதற்கும் மூன்றாண்டு அவகாசம் வழங்கப்பட்டது.