ஒத்திவைத்தல் என்னும் ஒரு சொல்: ஆங்கிலக் காலத்திட்ட வினைகளும் தமிழ் மொழிபெயர்ப்பும்

ஒரு நிகழ்ச்சிக்கு நாள் குறித்தல், குறித்த நாளை மாற்றுதல், நிகழ்ச்சியையே கைவிடுதல் ஆகியவற்றைச் சுட்டும் வினைகள் ஆங்கிலத்தில் மிகுதி. பிளான், ஷெட்யூல், போஸ்ட்போன், அட்ஜர்ன், புரோரோக், புட் ஆஃப், ஷெல்வ், கேன்சல் முதலியன அலுவலகச் சுற்றறிக்கை, நீதிமன்ற ஆணை, செய்தி ஆகியவற்றின் வழியே நாள்தோறும் தமிழுக்கு வருகின்றன. மொழிபெயர்ப்பில் இவற்றுட் பல 'ஒத்திவை' என்னும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. எஞ்சியவற்றை 'திட்டமிடு', 'ரத்துசெய்' என்னும் இரண்டும் பங்கிட்டுக்கொள்கின்றன. இந்நிலை தமிழின் சொல்வறுமையால் நேர்ந்ததன்று. தமிழ் வழக்கில் ஏற்கெனவே உள்ள வேறுபாடுகளை மொழிபெயர்ப்பாளர் பயன்கொள்ளாமையால் நேர்ந்தது என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்ட முயல்கிறது.

1. திட்டமும் அட்டவணையும்

'பிளான்' என்பது எண்ணத்தில் நிகழ்வது. 'ஷெட்யூல்' என்பது நாளோடும் மணியோடும் பொருத்துவது. பின்னது சிறு தாள் துண்டைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சட்டத்தின் பின்னிணைப்பு என்னும் பொருளும் காலப்பட்டியல் என்னும் பொருளும் அதிலிருந்தே கிளைத்தன. பெயர்ச்சொல்லைப் பொறுத்தவரை தமிழ் இவற்றைத் தெளிவாகவே பிரித்துள்ளது. அரசமைப்பின் எட்டாவது அட்டவணை, பட்டியல் இனத்தவர், இரயில்வே கால அட்டவணை என்பன நிலைபெற்ற வழக்குகள். வினையாகும்போதுதான் குழப்பம் நேர்கிறது. 'வண்டி ஐந்து மணிக்குப் புறப்படத் திட்டமிடப்பட்டுள்ளது' என்னும் தொடர் ஆங்கிலச் செயப்பாட்டுவினையின் நிழலேயாகும். 'புறப்பட உள்ளது', 'புறப்படவிருக்கிறது' என்னும் வடிவங்கள் அப்பொருளை முழுமையாகத் தருகின்றன. ஆங்கிலமும் கால அட்டவணைச் செய்திக்குத் தனிவினை இன்றி நிகழ்காலத்தையே ஆள்வதுண்டு என்பது கருதத்தக்கது.

2. ஒத்திவைப்பின் உட்பிரிவுகள்

நாள் மாற்றத்தைச் சுட்டும் ஆங்கில வினைகளை மூன்று வினாக்களால் பகுத்தறியலாம். நிகழ்ச்சி தொடங்கிவிட்டதா? அடுத்த நாள் குறிக்கப்பட்டதா? மாற்றும் அதிகாரம் யாருடையது?

'போஸ்ட்போன்' பெரும்பாலும் தொடங்காத நிகழ்ச்சிக்கு உரியது. புதிய நாள் கட்டாயமன்று. டோக்கியோ ஒலிம்பிக் போட்டி 2020 மார்ச் 24 அன்று தள்ளிவைக்கப்பட்டபோது, 2021 கோடைக்காலத்தைக் கடவாது என்னும் எல்லை மட்டுமே கூறப்பட்டது. 2021 சூலை 23 என்னும் தொடக்க நாள் மார்ச் 30 அன்றே அறிவிக்கப்பட்டது. முன்னது 'போஸ்ட்போன்', பின்னது 'ரீஷெட்யூல்'. அவ்வாண்டின் விம்பிள்டன் போட்டிக்கு நேர்ந்ததோ 'கேன்சல்'. மூன்றும் வெவ்வேறு செயல்கள்.

'அட்ஜர்ன்' என்பதன் வேரிலேயே 'நாள்' என்னும் பொருள் உள்ளது. நடந்துகொண்டிருப்பதை நிறுத்தி, வேறொரு நாளுக்குக் கொண்டுசெல்வதே அதன் மூலப்பொருள். 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத் தொகுப்பின் 17ஆவது கட்டளை, விசாரணையை ஒத்திவைக்கும் நீதிமன்றம் அடுத்த நாளைக் குறிக்கவேண்டும் என்கிறது. இப்பொருளுக்கு மக்கள் வழக்கில் 'வாய்தா' என்னும் சொல் நெடுங்காலமாக உண்டு. உருதுவழி வந்த இச்சொல்லில், குறித்த தவணை நாள் என்னும் பொருள் அடங்கியுள்ளது. 'வழக்கு ஒத்திவைக்கப்பட்டது' என்று மட்டும் எழுதும் மொழிபெயர்ப்பு, வழக்காடுபவர் அறியவேண்டிய செய்தியையே விட்டுவிடுகிறது. 'நாள் குறிப்பிடாமல் ஒத்திவைப்பு' என்னும் அவைத் தொடர் தனித்து வழங்குவதே, நாள் குறிப்பது இவ்வினையின் இயல்பு என்பதற்குச் சான்றாகும்.

'புரோரோக்' வேறு வகையது. இந்திய அரசமைப்பின் 85, 174ஆம் உறுப்புகளின்படி கூட்டத்தொடரை முடித்துவைக்கும் அதிகாரம் முறையே குடியரசுத் தலைவருக்கும் ஆளுநருக்கும் உரியது. அன்றாட அமர்வை ஒத்திவைப்பவர் அவைத் தலைவர். கூட்டத்தொடர் முடித்துவைக்கப்படுவதால் நிலுவை மசோதாக்கள் காலாவதியாகா என 107ஆம் உறுப்பு கூறுகிறது. பிரித்தானியாவிலோ, தனியே தொடர்ந்து எடுத்துக்கொள்ளப்பட்டாலன்றி, அவை பொதுவாகக் காலாவதியாகும். 2019 செப்டம்பர் 24 அன்று பிரித்தானிய உச்ச நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது இத்தகைய முடித்துவைப்பையே. காமன்சு அவை தன் அமர்வைத் தானே ஒத்திவைத்துக்கொள்ளும். முடித்துவைப்பு அரசியின் ஆணையால் நிகழ்ந்தது. இரண்டையும் 'ஒத்திவைப்பு' என்று பெயர்த்தால் அவ்வழக்கு ஏன் எழுந்தது என்பதே தமிழ் வாசகருக்கு விளங்காது.

3. 'வை'யும் 'போடு'வும்

'போஸ்ட்போன்', 'புட் ஆஃப்' ஆகிய இரண்டிற்கும் அகராதி நோக்கில் பொருள் ஒன்றே. எனினும் பின்னது பேச்சுச் சாயலுடையது. கடமையைத் தட்டிக்கழித்தலையும் பல இடங்களில் உணர்த்துவது. தமிழ் இவ்வேறுபாட்டைத் துணைவினையால் காட்டவல்லது. 'தேர்வைத் தள்ளிவைத்தனர்' என்பதில் காரணமும் பிற்கால நோக்கும் தொனிக்கின்றன. 'மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போட்டார்' என்பதில் அசட்டை தொனிக்கிறது. 'வை' பின்பயன் கருதிய செயலையும், 'போடு' பொறுப்பைக் கழற்றிவிடும் மனநிலையையும் பல சூழல்களில் உணர்த்துவன. இ. அண்ணாமலை 1985இல் வெளியிட்ட தமிழ் வினைவிரிவு பற்றிய ஆய்வு நூல், துணைவினைகள் பேசுவோரின் மனப்பாங்கைச் சுமப்பதை விரிவாகக் காட்டியது. அவ்விலக்கண அறிவு மொழிபெயர்ப்புப் பயிற்சியில் இன்னும் போதிய இடம் பெறவில்லை எனலாம். 'ஷெல்வ்' என்பதற்குப் பலகையைத் தேடவேண்டுவதில்லை. 'கிடப்பில் போடு' என்னும் மரபுத்தொடர் அதன் குறைகூறும் தொனியோடும் பொருந்துகிறது.

4. 'முன்' என்பது எத்திசை?

குறித்த நாளுக்கு முன்னதாக நடத்துதலைச் சுட்ட இந்திய ஆங்கிலம் 'பிரீபோன்' என்னும் வினையைப் பரவலாக ஆள்கிறது. இது பிழையான புதுப்படைப்பு என்னும் கருத்து நிலவினும், இப்பொருளில் 1913இலேயே நியூயார்க் டைம்ஸ் இதழில் இச்சொல் ஆளப்பட்டதை ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி காட்டுகிறது. பிரித்தானிய வழக்கான 'பிரிங் ஃபார்வர்ட்' தெளிவானது. 'மூவ் ஃபார்வர்ட்' அத்தகையதன்று. புதன்கிழமைக் கூட்டம் இரு நாள் 'முன்' நகர்த்தப்பட்டது என ஆங்கிலத்தில் கூறியபோது, திங்கள் என்றும் வெள்ளி என்றும் கேட்போர் பிரிந்து நின்றதைப் போரோடிட்ஸ்கி, ராம்ஸ்கர் ஆகியோரின் 2002ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. காலத்தில் தாம் நகர்வதாக எண்ணுவோருக்கு 'முன்' எதிர்காலம். காலம் தம்மை நோக்கி வருவதாக எண்ணுவோருக்கு அது முந்திய நாள்.

தமிழில் 'முன்பு', 'முன்னாள்' என்பன கடந்ததைச் சுட்ட, 'முன்னேறு', 'முன்னோக்கி' என்பன வருவதை நோக்குகின்றன. ஆதலின் 'கூட்டம் இரு நாள் முன்னகர்த்தப்பட்டது' என்னும் நேர்பெயர்ப்பு ஆங்கிலத்தின் மயக்கத்தை அப்படியே இறக்குமதி செய்கிறது. 'இரு நாள் முன்னதாக நடைபெறும்' என்பதில் மயக்கமில்லை. 'முன்தேதியிடு' என்பதும் இங்குப் பொருந்தாது. அது ஆவணத்தில் இடும் தேதியைப் பற்றியது, நிகழ்ச்சியைப் பற்றியதன்று.

ஒரே வினை இரு நாடுகளில் எதிர்ப்பொருள் தருவதும் உண்டு. 'டேபிள்' பிரித்தானியாவிலும் இந்தியாவிலும் அவையின் முன் வைத்தலையும், அமெரிக்காவில் ஆய்வை நிறுத்திவைத்தலையும் குறிக்கும். இச்சொல்லால் இரண்டாம் உலகப் போரின்போது இரு நாட்டு அலுவலரிடையே நீண்ட வாதம் எழுந்ததைச் சர்ச்சில் தம் போர் வரலாற்று நூலில் பதிவுசெய்துள்ளார். மூலம் எந்நாட்டது என்று அறியாமல் இதனைப் பெயர்த்தல் இயலாது.

முடிவுரை

நாள் பற்றிய வினை வெறும் செய்தியைத் தருவதன்று. யார் காத்திருக்கவேண்டும், எதுவரை காத்திருக்கவேண்டும், யாரிடம் முறையிடலாம் என்பனவற்றையும் அது உணர்த்துகிறது. 'ஒத்திவை' என்பதை நடந்துகொண்டிருப்பதற்கு, இயன்றவரை நாளுடன் ஆளுதல், தொடங்காததற்குத் 'தள்ளிவை' என்றல், அவைத்தொடருக்கு 'முடித்துவை' என்றல், முந்தியதற்கு 'முன்னதாக' என்றல் ஆகிய நான்கு வரையறைகளும் புதுச்சொல் எதையும் வேண்டுவன அல்ல. இச்சொற்கள் யாவும் வழக்கில் உள்ளவை. ஆட்சிச்சொல் அகராதிகள் ஆங்கில வினைக்கு நேராக ஒரு சொல்லை நிறுத்துவதோடு அமையாமல், மேற்கூறிய மூன்று வினாக்களுக்கான விடையையும் உடன் தருமாயின், தமிழ் அறிவிப்பைப் படிப்பவர் தெளிவுக்காக ஆங்கில மூலத்தைத் தேடிச்செல்லும் நிலை குறையும்.