நியூஹேவன் மீனவர் ஒளிப்படங்கள்

நியூஹேவன் மீனவர் ஒளிப்படங்கள் என்பவை ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகருக்கு வடக்கே, ஃபோர்த் கழிமுகக் கரையிலுள்ள நியூஹேவன் என்னும் மீனவ ஊரில் 1840களில் எடுக்கப்பட்ட படங்களாகும். ஓவியர் டேவிட் ஆக்டேவியஸ் ஹில் (1802–1870), ராபர்ட் ஆடம்சன் (1821–1848) ஆகிய இருவரும் இவற்றை எடுத்தனர். 1843இல் தொடங்கிய இவர்களது கூட்டுப்பணி, ஆடம்சன் 26 வயதில் இறந்ததோடு முடிந்தது.

படமெடுத்த முறை

தாளையே நெகட்டிவாகக் கொள்ளும் கலோடைப் முறையில் இவை எடுக்கப்பட்டன. இதற்கு நல்ல வெயில் வேண்டும். படத்தில் இருப்பவர் அசையாமலும் இருக்க வேண்டும். தாளின் இழைகளால் நுண்விவரங்கள் மங்கின; ஒளியும் நிழலும் பெரும் திரள்களாகப் பதிந்தன.

மதிப்பீடு

இப்படங்கள் அன்றாட வாழ்வின் பதிவு எனப் போற்றப்படுகின்றன. ஆனால் அன்றாட வாழ்வின் பெரும்பகுதி இவற்றில் இல்லை. அலையில் ஆடும் படகு இல்லை. மீன்கூடையைச் சுமந்து நகருக்கு நடந்து, வீடுவீடாக விற்ற பெண்களின் நடையும் இல்லை. அசைந்தவை எல்லாம் விடுபட்டன. அசையாமல் நின்றவையே வரலாற்றில் இடம்பெற்றன. வில்லி லிஸ்டன் தூண்டில் கயிற்றைச் சீர்செய்யும் படம் தொழிலுக்கு மிக அருகில் வருகிறது. அதுவும் ஓரிடத்தில் இருந்து செய்யும் வேலை என்பதால்தான்.

எனினும் இவற்றைப் பாவனை என்று தள்ளுவது சரியன்று. கரையேற்றிய படகில் சாய்ந்து நிற்கிறார் சாண்டி லிண்டன். அதன் அடியில் அவருடைய பிள்ளைகள் வெறுங்காலுடன் அமர்ந்திருக்கின்றனர். நிற்கும் விதம் சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்கலாம். வெறுங்காலும், உழைத்த உடலும், தந்தையின் நிழலில் பிள்ளைகள் ஒண்டியிருப்பதும் சொல்லிக்கொடுத்து வருவன அல்ல.

ஜெர்மானியத் திறனாய்வாளர் வால்டர் பெஞ்சமின், 1931இல் எழுதிய கட்டுரையில், கண் தாழ்த்தி நிற்கும் ஒரு நியூஹேவன் மீனவப் பெண்ணின் படத்தைக் குறிப்பிட்டார். ஒளிப்படக் கலைஞரின் திறமையைப் பாராட்டுவதோடு அப்படம் அடங்கிவிடவில்லை. அவள் பெயர் என்ன என்று அறியத் தூண்டுகிறது என்பது அவர் கருத்து. அவர் பெயர் எலிசபெத் ஜான்ஸ்டன் ஹால் என்று இன்று அறியப்படுகிறது. ஆனால் இத்தொகுப்பில் வெறும் 'மீனவப் பெண்' என்றே குறிக்கப்படுவோரும் உள்ளனர். பழைய படங்களைத் தொகுப்போர் எடுத்தவர் பெயரைத் தேடும் அதே அக்கறையோடு, படத்தில் நிற்பவர் பெயரையும் தேட வேண்டும். பெயர் இல்லாதபோது மனிதர் வெறும் மாதிரி உருவாகிவிடுகிறார்.