தேயிலைப் பாக்கெட்டில் வந்த பறவைகள்

போக்கிமொன் முதல் பதிப்புச் சீட்டு இன்ன விலைக்கு ஏலம் போனது என்று செய்தி வந்தால் போதும், நம் பிள்ளைகள் வாயைப் பிளந்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் புளத்கொகுபிட்டியவில், ரப்பருக்கும் தேயிலைக்கும் நடுவில் இருந்துகொண்டு பழைய சீட்டுச் சேர்க்க ஆசைப்படுகிறவருக்கு நான் முதலில் காட்டுவது வேறொன்று: புரூக் பாண்ட் கம்பெனி இங்கிலாந்தில் தன் தேயிலைப் பாக்கெட்டுக்குள் வைத்துக் கொடுத்த படச்சீட்டுகள். பல தொகுதிகள் இன்றைக்கும் சில பவுண்களுக்குக் கிடைக்கின்றன. பார்க்கவும் அவற்றில் நிறைய இருக்கிறது.

சிகரெட் பெட்டிக்குள் படம் வைக்கும் பழக்கம் அங்கே பழையது. யுத்தகாலக் காகிதத் தட்டுப்பாட்டில் 1940இல் அது நின்றது. 1954இல் புரூக் பாண்ட் அதைத் தேயிலைக்குக் கொண்டுவந்தது. முதல் தொகுதி பிரிட்டனின் பறவைகள், 20 சீட்டு மட்டும். அடுத்த வருடம் காட்டுப்பூக்கள், 50 சீட்டு. பிறகு பெரும்பாலும் ஐம்பது ஐம்பதாகவே வந்து, 1999 வரை ஓடியது. பிள்ளைகள் ஆறு பென்சுக்கு ஆல்பம் வாங்கி ஒட்டினார்கள், இரட்டையாக வந்ததைப் பள்ளிக்கூடத்தில் மாற்றிக்கொண்டார்கள், வீட்டில் தேயிலை தீருமுன்பே அடுத்த பாக்கெட்டுக்கு அம்மாவை நச்சரித்தார்கள். கம்பெனிக்கு வேண்டியதும் அதுதானே.

ஐம்பதுகளில் இலங்கைத் தேயிலையை அதிகம் வாங்கிய நாடு பிரிட்டன். நம் பாட்டிமார் நிறுவையில் போட்ட கொழுந்து எந்தப் பாக்கெட்டுக்குப் போனது என்று யாராலும் சொல்ல முடியாது. கலப்புத் தேயிலைக்கு ஊர் கிடையாது. படச்சீட்டு மட்டும் லயத்துப் பக்கம் வரவில்லை. இப்போது ஒரு தொகுதியைத் தபாலில் வரவழைத்து மேசையில் பரப்பும்போது எனக்கு அது ஞாபகம் வராமல் இருப்பதில்லை.

சரி, எப்படிப் பார்ப்பது? டீமேக்கர் தூளை உள்ளங்கையில் அள்ளி வெளிச்சத்துக்குத் திருப்புவதுபோல, சீட்டை எடுத்ததும் பின்பக்கம் திருப்புங்கள். படம் எங்கும் போய்விடாது. சரித்திரம் பின்னால் இருக்கிறது.

1956இல் வந்த விண்வெளித் தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பூட்னிக் மேலே போனது 1957 அக்டோபரில். ஆக, மனிதன் செய்த ஒரு பொருளும் பூமியைச் சுற்றாத காலத்தில் அந்தப் பிள்ளைகள் கிரகங்களைப் பசை போட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அதே தொகுதி 1958இல் மறுபடி வந்தது. படங்கள் அவைதான். பின்பக்கத்து வாசகத்தில் ஒரு சின்ன வித்தியாசம்: முந்தியதில் தேயிலை'யுடன்' வெளியிடப்பட்டது என்றிருக்கும், பிந்தியதில் 'பாக்கெட்டுகளில்' என்றிருக்கும். அந்த வாசகத்துக்காகவே முந்தியதன் விலை பல மடங்கு. இடையில் ஸ்பூட்னிக் போய்விட்டதே, எனக்கு அந்த இடைவெளிதான் விலையைவிடப் பெரிதாகத் தெரிகிறது. முடிந்தால் 1971இல் வந்த விண்வெளிப் போட்டித் தொகுதியையும் பக்கத்தில் வையுங்கள். மனிதன் நிலவில் நடந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

1957இன் பறவை உருவப்படங்களில் கம்பெனி விலாசம் உள்ளதும் இல்லாததும் என இரண்டு உண்டு. 1966இன் பிரிட்டனின் மரங்கள் நீல மையில் பின்பக்கம் அச்சானது. 1973இல் மறுபடி போட்டபோது கறுப்பு மை. விளையாட்டுச் சீட்டு சேர்ப்பவர்களுக்கு இந்தப் பார்வை புதிதல்ல. 1993இல் வந்த மேஜிக் என்ற சீட்டு விளையாட்டின் ஆல்ஃபா பதிப்பை, பிந்தியவற்றைவிட வளைந்த மூலையை வைத்து அறிவார்கள். 1999இல் ஆங்கிலத்தில் வந்த போக்கிமொன் முதல் தொகுதியின் 102 சீட்டுகளில், படத்துக்குக் கீழே முதல் பதிப்பு முத்திரை இருக்கிறதா, படச் சட்டத்துக்கு வலப்பக்கம் நிழல் விழுகிறதா என்று பார்ப்பார்கள். ஆனால் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. மேஜிக்கில் அரிது என்பது திட்டமிட்டே செய்தது. ஆல்ஃபாவின் அரிய சீட்டு ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1,100 பிரதிதான். தேயிலைச் சீட்டில் அரிது என்று குறி போடும் வழக்கம் இல்லை. ராஜாவும் கூலியும் இல்லாத ஐம்பது பேர். கிடைக்காமல் கடைசியில் நிற்பது எது என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

இனி முன்பக்கம். சார்ல்ஸ் டனிக்லிஃப் (1901–1979) வரைந்த தொகுதிகளிலிருந்து தொடங்கச் சொல்வேன். செஷயர் விவசாயி மகன். 1947 முதல் வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் குடியிருந்தவர். செத்த பறவை கையில் கிடைத்தால் அதை இறகு இறகாக அளந்து, உயிரளவில் வரைந்து வைத்துக்கொள்வார். அந்த அளவுப் படங்கள் ஆங்கிள்சியின் ஓரியல் ஈனிஸ் மோன் காட்சியகத்தில் இருக்கின்றன. அத்தனை உழைப்பும் 68 மில்லிமீட்டர் நீளத்துக்கு, அதில் பாதிக்குச் சற்று மேலான அகலத்துக்குச் சுருங்கி நம் கைக்கு வருகிறது. வெறும் கண்ணால் ஒருமுறை பாருங்கள். பிறகு பூதக்கண்ணாடி வைத்து இறக்கையின் மடிப்பையும் கால் கிளையைப் பற்றும் விதத்தையும் பாருங்கள். கடைசியில் பறவையை விட்டுவிட்டுப் பின்னணிக்குப் போங்கள். அது நிற்கும் நீரும் புல்லும் அவருக்கு வெறும் நிரப்பல் அல்ல. நமக்கு நெருக்கமானவை 1961இன் வெப்பமண்டலப் பறவைகளும் 1962இன் ஆசியக் காட்டுயிர்களும். முற்றத்து மரத்தில் பார்த்த சாயல் எங்காவது தட்டுப்பட்டால் தாராளமாகக் குற்றம் கண்டுபிடியுங்கள், அதுவும் ரசனைதான். 1954இன் முதல் தொகுதி சரித்திரத்தில் பெரியதென்றாலும் எனக்கு இவர் வரைந்த தொகுதிகள்மேல்தான் ஆசை.

ஆல்பத்தில் ஒட்டியதா, தனிச் சீட்டா? சந்தையில் தனிச் சீட்டுக்கே மதிப்பு, ஒட்டியதன் பின்பக்கம் போய்விட்டதே. தொடக்கக்காரர் இரண்டும் ஒவ்வொன்று வைத்திருப்பது நல்லது. ஆல்பத்தில்தான் சீட்டுகள் வரிசையில் நின்று ஒன்றுக்கொன்று பேசும். கோணலாக ஒட்டிய இருபத்தேழாம் எண், இன்னும் காலியாகக் கிடக்கும் ஒரு கட்டம், மூலையில் பென்சிலில் ஒரு பிள்ளையின் பெயர், இவையெல்லாம் கூடவே வரும். ஒட்டியதைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்கப் போகாதீர்கள். பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் வியாபாரம் இந்தச் சீட்டுகளுக்கு வேண்டாத வேலை என்பது என் அபிப்பிராயம். கையில் எடுக்கமுடியாத சீட்டின் பின்பக்கத்தை எப்படிப் படிப்பது?

நம் பக்கத்து மழைக்குக் காகிதம் தாங்காது. பூஞ்சணம் முதலில் ஓரத்தில் பழுப்புப் புள்ளியாக வரும். பி.வி.சி. உறை வேண்டாம், அது நாளாக நாளாக ஒட்டிக்கொள்ளும். பாலிப்ரொப்பிலீன் உறைப் பக்கங்களில் போட்டு, மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வையுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய அலுமாரி கூடாது. வெயிலடிக்கும் மாசி மாதத்தில் நிழலில் பரப்பிக் காற்றாட விடுங்கள். நேர் வெயில் சிவப்பையும் மஞ்சளையும் தின்றுவிடும்.

வாங்கும்போது விற்பவரிடம் பின்பக்கத்துப் படம் கேளுங்கள். தொகுதி முழுமையா, எண்கள் 1 முதல் 50 வரை இருக்கின்றனவா, எல்லாம் ஒரே அச்சா என்றும் கேளுங்கள், நீல மைத் தொகுதிக்குள் கறுப்பு மைச் சீட்டு நுழைந்திருப்பது சாதாரணம். 1927 முதல் இயங்கும் லண்டன் சிகரெட் கார்டு கம்பெனியின் விலைப்பட்டியலில் தேயிலைச் சீட்டுகளும் உண்டு. அதைப் பார்த்துவிட்டுப் பேரம் பேசினால் ஏமாற மாட்டீர்கள். தபால் செலவு சீட்டின் விலையைத் தாண்டிவிடக்கூடும் என்பதால், இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே பொதியில் வரவழைப்பது உத்தமம். லண்டனிலோ கனடாவிலோ இருந்து லீவுக்கு வரும் சொந்தக்காரர் பையில் ஐம்பது சீட்டுக்கு இடம் இல்லாமலா போகும்?